பிராங்ஹார்ன் கொம்பைக் கண்ணால் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். கொலராடோவில் குடியிருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக வயோமிங்குக்கு பிராங்ஹார்ன் வேட்டைக்குப் போய் வருகிறேன். பிராங்ஹார்ன் என்பது வட அமெரிக்க வெட்டவெளியில் வாழும் மான்போன்ற விலங்கு. முதல் தடவை டேக் (வேட்டை உரிமம்) கிடைத்த நண்பர்களும் அவர்கள் கைகாட்டி விட்டவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆணைக் கடா என்றும் பெண்ணைப் பெட்டை என்றும் எழுதுகிறேன். எங்கள் வண்டிக்குள் பேசுவதும் அப்படித்தான்.

இது மானா, ஆன்டிலோப்பா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

வயோமிங்காரர் வாயில் இது ஆன்டிலோப்தான். உரிமத்திலும் அப்படித்தான் இருக்கும். உயிரியல் கணக்குப்படி இது மானும் இல்லை, ஆப்பிரிக்க, ஆசிய மறிமான் கூட்டத்திலும் சேராது. ஆன்டிலோகாப்ரிடே என்ற குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம் இது. இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்.

கொம்பை அளக்கப் போகிறவருக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். நடுவில் எலும்புத் தண்டு, அதன்மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன கறுப்பு உறை. தண்டு அப்படியே நிற்கும். உறை மட்டும் இணைசேரும் பருவம் முடிந்தபின், நவம்பர் டிசம்பர் வாக்கில், கழன்று விழுந்து புதிதாக வளரும். ஆடு மாட்டுக்கு உறை விழாது. புள்ளிமானுக்குக் கொம்பே முழுசாக விழும். இது இரண்டுக்கும் நடுவில். ஆகவே போன வருடம் பார்த்த கடா இந்த வருடம் வேறு கொம்போடு நிற்கும். வயது பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

பெட்டைக்கும் கொம்பு இருக்குன்னு சொல்றாங்க. அப்ப கடான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பல பெட்டைகளுக்குக் கொம்பு உண்டு. ஆனால் குச்சிபோல மெலிந்து, காதைத் தாண்டாமல், கிளை இல்லாமல் இருக்கும். கொம்பைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தைப் பாருங்கள். கடாவுக்குக் காதுக்குக் கீழே தாடையோரம் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், பெட்டைக்கு இருக்காது. மூக்கின் மேல்பக்கமும் கடாவுக்கு நன்றாகக் கறுத்திருக்கும்.

உங்கள் டேக் எந்த வகை என்பதையும் முந்தின இரவே எடுத்துப் படித்துவிடுங்கள். எந்த ஆன்டிலோப்பையும் எடுக்கலாம் என்ற உரிமம் வேறு, பெட்டை அல்லது குட்டி மட்டும் என்ற உரிமம் வேறு. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு கடாவைச் சுட்டால் குற்றம்.

டிராஃபின்னு யார் முடிவு பண்றாங்க? ஏதாவது மார்க் இருக்கா?

இருக்கிறது. டிராஃபி என்றால் கொம்பின் அளவுக்காகக் கொண்டாடப்படும் கடா. வட அமெரிக்காவில் பெரும்பாலானோர் பின்பற்றுவது பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் அளவுமுறை. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. இன்று புழங்கும் முறை 1950-ல் ஏற்கப்பட்டது. பிராங்ஹார்னுக்கு 80 வந்தால் அவர்களுடைய மூன்றாண்டுப் பட்டியலிலும், 82 வந்தால் நிரந்தரப் பட்டியலிலும் இடம் கிடைக்கும். வில் வேட்டைக்காரர்களுக்கான போப் அண்ட் யங் சங்கத்தில் 67 போதும். 2013-ல் நியூ மெக்சிகோவின் சொக்கோரோ கவுண்டியில் எடுக்கப்பட்ட கடா 96 4/8 வாங்கி உலக சாதனை ஆனது. அளவெல்லாம் அங்குலத்தில், எட்டில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் டேக்கோடு போகிறவர் 80-ஐ மனதில் வைத்துப் போகாதீர்கள். 70-ஐத் தாண்டிய கடாவே பார்க்க அழகான, முழு வளர்ச்சி அடைந்த கடா.

எதை எதை அளப்பாங்க? நீளம் மட்டும்தானே?

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஒவ்வொரு கொம்பிலும் ஆறு அளவு. ஒன்று, வெளிப்பக்க வளைவை ஒட்டி அடியிலிருந்து நுனிவரை நீளம். இரண்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையின் நீளம். மீதி நான்கும் சுற்றளவுகள்: அடியில் ஒன்று, பிறகு கொம்பின் நீளத்தை நாலாகப் பிரித்து கால், அரை, முக்கால் உயரங்களில் ஒவ்வொன்று. இரண்டு கொம்பின் மொத்தத்தையும் கூட்டி, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண்.

ஆறில் நான்கு சுற்றளவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதை வையுங்கள்.

நல்லா உயரமா நின்னா பெரிய கொம்புதானே அண்ணா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது வருடம், காலை பதினொரு மணி இருக்கும், ஒரு மேட்டின் முதுகில் வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கடா நின்றது. கறுப்பாக, நெட்டுக்குத்தாக இரண்டு கொம்புகள். காதைவிட இரண்டரை மடங்கு உயரம். என் கையெல்லாம் படபடத்தது. வேறெதையும் பார்க்கவில்லை, சுட்டேன். கிட்டப் போய்க் கையால் பிடித்தபோதுதான் தெரிந்தது, கிளைக்கு மேலே கொம்பு என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லை.

அதன் அளவு இது: நீளம் 15 4/8, சுற்றளவுகள் 5 4/8, 5, 2 6/8, 2 2/8, கிளை 3 4/8. ஒரு கொம்புக்கு 34 4/8, இரண்டுக்கும் 69. அதே வாரம் என்னுடன் வந்த நண்பர் எடுத்த கடா பார்க்கக் குட்டையாக இருந்தது. நீளம் 13 4/8, சுற்றளவுகள் 6 4/8, 6 2/8, 5, 2 6/8, கிளை 5. ஒரு கொம்புக்கு 39, இரண்டுக்கும் 78. நீளத்தில் இரண்டு அங்குலம் குறைவு, மொத்தத்தில் ஒன்பது அதிகம். காலையில் அதே கடாவைப் பார்த்துவிட்டு "குள்ளம்" என்று சொல்லிக் கடந்து போனவன் நான்.

முன்னூறு கஜ தூரத்துல டேப் வச்சா அளக்க முடியும்? எதை வச்சு மதிப்பு போடுறது?

மானின் முகத்திலேயே இரண்டு அளவுகோல் இருக்கிறது. காது ஏறத்தாழ 6 அங்குலம். கண் ஏறத்தாழ 2 அங்குல அகலம். பிராங்ஹார்னுக்குக் கொம்பு கண்ணுக்கு நேர்மேலே முளைப்பதால் கண்ணையும் கொம்படியையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.

காது விறைத்து நிற்கும்போது கொம்பு அதைப்போல இரண்டு மடங்கு உயரம் என்றால் கண்ணுக்குத் தெரிவது 12. நுனி வளைந்திருந்தால் அந்த வளைவுக்கு இரண்டு அல்லது மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்; 14, 15 வந்துவிடும். பக்கவாட்டில் நிற்கும்போது கொம்படியின் அகலம் கண்ணைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரிந்தால் அடிச்சுற்றளவு ஆறுக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம். கண் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோ தெரிந்தால் மெலிந்த கொம்பு.

80 வர என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மனதில் ஒரு உருவம் நிற்கும். நீளம் 15, சுற்றளவுகள் 6 4/8, 6 2/8, 4, 2 6/8, கிளை 5 4/8. ஒரு கொம்புக்கு 40. கிளம்பும் முன் அட்டையில் ஒரு கொம்பை இந்த அளவுக்கு வெட்டி, பக்கத்தில் 6 அங்குலக் காதையும் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டிவையுங்கள். நான் செய்தேன். ஒரு மாதம் தினமும் அது கண்ணில் பட்டால் போதும்.

கிளை எவ்வளவு நீட்டிக்கிட்டு இருந்தா நல்லது?

கிளையை அளப்பது கொம்பின் பின்விளிம்பிலிருந்து. முன்விளிம்பிலிருந்து அல்ல. அந்த இடத்தில் கொம்பே இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். எனவே முன்னால் துருத்திக்கொண்டிருப்பது காதின் பாதி, அதாவது 3 அங்குலம் போலத் தெரிந்தால், அளவு 5-ஐத் தாண்டும். கட்டைவிரல் நுனிபோல மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் மூன்று, மூன்றரைதான்.

கிளை மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா? ஒருத்தர் மேல இருந்தாதான் மார்க்குன்னார், எனக்குப் புரியல.

அவர் சொன்னது சரி. காரணம் மூன்றாவது சுற்றளவில் இருக்கிறது. கொம்பின் பாதி உயரத்தில் எடுப்பது அது. 15 அங்குலக் கொம்பில் பாதி என்றால் ஏழரை. கிளை அந்தக் குறிக்குக் கீழேயே பிரிந்துவிட்டால் டேப் கிளைக்கு மேலே, மெலிந்த பகுதியில் சுற்றும். 2 6/8, 3 என்றுதான் வரும். கிளை அந்தக் குறிக்கு மேலே பிரிந்தால் டேப் கிளைக்குக் கீழே, தட்டையாக அகன்ற பகுதியில் சுற்றும். 5, 5 4/8 கூட வரும். குறி கிளையின் வீக்கத்திலேயே விழுந்தால் வீக்கத்தைத் தவிர்த்துச் சற்றுக் கீழேயோ மேலேயோ எடுப்பார்கள். இந்த ஒரே அளவில் இரண்டு கொம்புக்கும் சேர்த்து நாலைந்து அங்குலம் வித்தியாசம் வந்துவிடும். என் கடாவும் நண்பர் கடாவும் பிரிந்தது பாதி இங்கேதான், எண்களைத் திரும்பிப் பாருங்கள்.

களத்தில் பார்க்கச் சுலபமான வழி: விறைத்த காதின் நுனி எந்த மட்டத்தில் இருக்கிறது, கிளை எந்த மட்டத்தில் பிரிகிறது? காது நுனிக்குச் சமமாகவோ மேலேயோ பிரிந்தால் நிதானித்து இன்னொரு தடவை பாருங்கள். காதின் பாதியிலேயே பிரிந்தால் மேல்பகுதி எவ்வளவு நீளமானாலும் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும்.

எந்தப் பக்கத்துல இருந்து பாத்தா சரியா தெரியும்?

பக்கவாட்டுப் பார்வை கட்டாயம். பிராங்ஹார்ன் கொம்பு உருண்டை இல்லை, பக்கங்களில் அமுங்கியது. முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம் தெரியும் அதே அடி, பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டரை. முகத்தை நேரே காட்டிக்கொண்டு நிற்கும் கடாவைப் பார்த்து "மெலிசு" என்று தள்ளிவிடுவது சகஜமான தவறு. கிளையின் நீளமும் பக்கவாட்டில்தான் தெரியும்.

நீளத்துக்கும் நுனி வளைவுக்கும் நேர்ப்பார்வை அல்லது பின்பார்வை. நுனி உள்நோக்கி மடிந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு கோணமும் கிடைக்கும்வரை முடிவு எடுக்காதீர்கள். மேய்கிற கடா ஐந்து நிமிடத்தில் இரண்டையும் காட்டிவிடும்.

கொம்பு ரெண்டும் நல்லா விரிஞ்சிருந்தா எக்ஸ்ட்ரா மார்க் உண்டா?

கிடையாது. விரிவை அளந்து தாளில் குறிப்பார்கள், கூட்டலில் சேராது. விரிந்த கொம்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், உள்ளே வளைந்து இதய வடிவில் நிற்கும் கொம்பு சின்னதாகத் தெரியும். நீளம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கும், ஏனெனில் டேப் வளைவோடு சேர்ந்து போகிறது.

பைனாகுலர் போதாதா? ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கித்தான் ஆகணுமா?

கடாவைக் கண்டுபிடிக்க 10 மடங்கு பைனாகுலர் போதும். அளக்கப் போதாது. 20-லிருந்து 60 வரை கூட்டக்கூடிய ஸ்கோப்பும், ஆடாத டிரைபாடும் இருந்தால்தான் கண்ணையும் கொம்படியையும் ஒப்பிட முடியும். வாங்க வேண்டாம், முதல் வருடம் யாரிடமாவது இரவல் கேளுங்கள். துப்பாக்கியின் ஸ்கோப் வழியாக மட்டும் மானை அளக்காதீர்கள்; குறி வைத்துக்கொண்டே யோசிப்பது ஆபத்து, விரல் முந்திக்கொள்ளும்.

இன்னொரு எதிரி கானல். செப்டம்பரில் வயோமிங்கின் ரெட் டெசர்ட் போன்ற வெட்டவெளியில் பத்து மணிக்குமேல் தரையிலிருந்து சூடு நெளிந்து எழும்பும். ஸ்கோப்பில் கொம்பு மேல்நோக்கி இழுபடும், அலையும், தடிமன் ஏறி இறங்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் கூடும். 25, 30-க்கு இறக்குங்கள். வெயில் ஏறுமுன் அல்லது மாலை சாய்ந்தபின் அளப்பது நல்லது. மேட்டின் முதுகில் வானத்தை ஒட்டி நிற்கும் கடா எப்போதும் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன்.

பெரிய கொம்புன்னா வயசான மான்தானே? கிழட்டு மானா பாத்து எடுக்கலாம்னு நினைக்கிறேன்.

நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த விலங்கில் அந்தக் கணக்கு முழுசாக வேலை செய்யாது. காட்டுச் செம்மறிக்குக் கொம்பு ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே போகும், வளையத்தை எண்ணி வயது சொல்லலாம். பிராங்ஹார்ன் வருடா வருடம் உறையைக் கழற்றிவிடுவதால் கொம்பில் வயது பதிவதில்லை. மூன்று நான்கு வயதிலேயே கொம்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப்பிறகு வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும்.

ஒரு வயதுக் கடாவைத் தள்ளிவிடுவது சுலபம்: கழுத்து ஒல்லி, கன்னத்துத் திட்டு மங்கல், கொம்பு காதுக்குச் சமம், கிளை ஒரு மொட்டு. இரண்டு வயதுக்குமேல் தூரத்தில் இருந்து வயது சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. உறுதியாகத் தெரிய, சுட்டபின் பல்லைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் அங்க பெரிய பெரிய கடா இருந்துச்சாம். இந்த வருஷமும் இருக்குமா?

குளிரும் மழையும்தான் பதில் சொல்லும். புதிய உறை வளர்வது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். பனி கடுமையாக இருந்தாலோ வசந்தத்தில் மழை பொய்த்துத் தீவனம் குறைந்தாலோ அந்த வருடம் எல்லாக் கடாவுக்கும் கொம்பு குறையும். கடா அதேதான், கொம்பு அது இல்லை.

2022-23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கில் பேரழிவு. ஆழப் பனியும், பைன்டேல் பக்கத்தில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற நுண்ணுயிரால் வந்த நிமோனியாவும் சேர்ந்து மந்தை மந்தையாகக் கொன்றன. மாநிலம் உரிமங்களைக் குறைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் பழைய போட்டோவை நம்பி 80-க்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. டேக் விண்ணப்பிக்கும் முன் அந்தப் பகுதியின் குளிர்காலச் செய்திகளைப் படியுங்கள்; அங்கே இருக்கும் மாநில உயிரியலாளருக்குப் போன் செய்தால் பொறுமையாகப் பேசுவார்கள்.

பாத்த உடனே ஓடிருது சார். ஓடும்போது எப்படி அளக்கிறது?

அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு. ஆனால் அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்காது. உங்களை விட்டு ஒரு தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்க்கும். வண்டியை விரட்டாதீர்கள், அது சட்டத்துக்கும் விரோதம், மானுக்கும் சித்திரவதை.

நான் காத்திருப்பது வேலியோரம். பிராங்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிப்பது அபூர்வம், கீழே நுழைந்துதான் போகும். அதனால்தான் இப்போது பல இடங்களில் கீழ்க்கம்பியை முள்ளில்லாமல், தரையிலிருந்து 16 அங்குலம் விட்டுக் கட்டுகிறார்கள். ஒரு கடா ஓட்டத்தில் வந்து கம்பிக்கு முன் சடாரென்று நிற்கும். இடமும் வலமும் பார்க்கும், தலையைத் தாழ்த்தும், முன்காலை மடக்கும். அந்தச் சில நொடிகளில் கொம்பு பக்கவாட்டில், தரை மட்டத்தில், பின்னால் மங்கலான சேஜ் புதர். வானமில்லை, கானலும் குறைவு. அப்புறம் முதுகு கம்பியில் உரச உள்ளே நுழைந்து மறுபக்கம் எழுந்து உதறும். பழைய முள்கம்பியில் அந்த வெள்ளை, பழுப்பு மயிர் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அந்த மயிர் இருக்கும் இடம்தான் நீங்கள் ஸ்கோப்பை வைக்க வேண்டிய இடம்.

முதல் நாளே நல்லதா ஒண்ணு நின்னா சுடலாமா, வேண்டாமா?

முதல் நாள் காலை முழுக்கத் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு இருபது, முப்பது கடாவைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், கூட வந்தவரும் தனியாகச் சொல்லட்டும், பிறகு ஒப்பிடுங்கள். மதியத்துக்குள் இந்தப் பகுதியின் சராசரி எது என்று கண்ணுக்குப் பழகிவிடும். அதற்குப்பிறகு ஒன்று சராசரியைத் தாண்டி நின்றால் உங்களுக்கே தெரியும்.

சீசன் திறந்து சில நாளிலேயே நல்ல கடாக்கள் போய்விடும் என்று பயம்காட்டுவார்கள். ஓரளவு உண்மை. ஆனாலும் அரைநாள் பொறுப்பதால் நான் இழந்தது எதுவுமில்லை, அவசரத்தால் இழந்ததைச் சொல்லிவிட்டேன். முடிந்தால் சீசனுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சுட்டப்புறம் கிட்ட போனா சின்னதா ஆயிடுதே, ஏன்?

எல்லோருக்கும் நடக்கிறது. பிராங்ஹார்ன் உடம்பே சின்னது. கடா 45-லிருந்து 60 கிலோதான். சின்ன உடம்பில் கறுப்புக் கொம்பு பெரிதாகத் தெரிகிறது. கூடவே மேலே சொன்ன கானலும் வான்கோடும் ஒரே பக்கமாக ஏமாற்றுகின்றன.

இதற்கு ஒரு பழக்கம் உதவுகிறது. மதிப்புப் போட்டபின், மூன்றாவது சுற்றளவையும் கிளையையும் மட்டும் வேண்டுமென்றே ஒரு அங்குலம் குறைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள். அந்தக் குறைந்த எண்ணிலும் உங்களுக்குத் திருப்தி என்றால் சுடலாம்.

ஒரு கொம்பு நுனி உடைஞ்சிருந்தா வேஸ்ட்டா?

பட்டியலுக்குப் பெரும்பாலும் வேஸ்ட், ஏனெனில் நீளத்தில் அடியும் படும், இரண்டு பக்க வித்தியாசமும் கழியும். செப்டம்பர் பாதிக்குமேல் கடாக்கள் பெட்டைகளுக்காக முட்டிக்கொள்ளும்போது நுனியும் கிளையும் உடைவது உண்டு. ஆகவே இரண்டு கொம்பையும் தனித்தனியாகப் பாருங்கள். சுவரில் மாட்டிப் பார்க்க மட்டும் என்றால் உடைந்த கொம்புக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. என் வீட்டில் இருப்பதில் எனக்குப் பிடித்தது வலக்கிளை முறிந்ததுதான்.

வீட்டுல நானே அளந்தா ஒத்துக்குவாங்களா?

உங்கள் திருப்திக்கு அளக்கலாம். கால் அங்குல அகலமுள்ள எஃகு டேப் வேண்டும், தையல் டேப் இழுபடும். பட்டியலில் சேர அதிகாரபூர்வ அளவையாளர்தான் அளக்க வேண்டும், அதுவும் அறை வெப்பத்தில் 60 நாள் உலர்ந்த பிறகு. ஈரம் போகப்போகக் கொம்பு சற்றுச் சுருங்கும் என்பதால் இந்த விதி. அளவு மட்டுமல்ல, நியாயமாக வேட்டையாடியதற்கு உறுதிமொழியும் கேட்பார்கள். தப்பிக்க முடியாத வேலிக்குள் அடைத்த விலங்கு ஏற்கப்படாது.

கொம்புதான் வேணும்னா கறியை என்ன பண்றது?

சாப்பிட வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் களத்தில் விட்டுவிட்டு வருவது வயோமிங் சட்டப்படி குற்றம். எனக்கு அது சட்டத்துக்கும் மேலே. "இந்தக் கறி நாறும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் செப்டம்பர் வெயிலில் மூன்று மணி நேரம் தோலோடு வண்டியில் வைத்து ஊர்சுற்றியவர்கள். விழுந்த இடத்திலேயே குடலை எடுத்து, தோலை உரித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்துப் பாருங்கள். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் வெள்ளாட்டுக் கறிக்குப் பழகிய நாக்கு இதைத் தள்ளாது.

எப்போது சுடலாம் என்று முடிவெடுப்பதில் இதுவும் ஒரு கணக்கு. மாலை ஆறரைக்கு, வண்டி எட்டாத பள்ளத்தில், 80 கடா நின்றாலும் நான் சுடுவதில்லை.

ஆப்பிரிக்காவுல குடு வேட்டைக்குப் போறேன். இதே முறைதானா?

காதோடு ஒப்பிடுவது, எல்லாக் கோணத்திலும் பார்ப்பது, அவசரப்படாமல் இருப்பது எல்லாம் அதேதான். மதிப்பு வேறு. குடு திருகிய கொம்புள்ள ஆப்பிரிக்க மறிமான், அதற்குக் கொம்பு விழாது. ஆகவே வயது கொம்பிலேயே இருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த கடாவுக்குத் திருகு இரண்டரைச் சுற்று வரும், நுனி தேய்ந்து வெளுத்திருக்கும். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் பலர் பார்க்கும் ரோலண்ட் வார்ட் பட்டியலில் பெரிய குடுவுக்குக் குறைந்தபட்சம் 53 7/8 அங்குலம், திருகை ஒட்டி அளந்தது. ஆழமான திருகில் நீளம் ஒளிந்திருக்கும். பிராங்ஹார்னில் "கிழட்டு மானாகப் பார்" என்ற அறிவுரை பலிக்காது என்றேன். குடுவில் அது நன்றாகப் பலிக்கும்.

டெக்சாஸ்ல நம்ம வெளிமானை சுடலாமாமே? அது எப்படி?

1932-ல் டெக்சாஸின் எட்வர்ட்ஸ் மேட்டுநிலத்துக்குக் கொண்டுவந்து விட்ட வெளிமான்கள் பெருகி, இன்று அங்கே தனியார் பண்ணைகளில் வேட்டை விலங்காக இருக்கின்றன. சட்டப்படி அங்கே தடையில்லை. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, தொடவே முடியாது. மதிப்புப் போடுவோர் திருகுகளை எண்ணி, நீளத்தைக் காதோடு ஒப்பிடுகிறார்கள். தோல் எவ்வளவு கறுப்பு என்பதை வைத்துக் கொம்பை எடைபோடாதீர்கள்.

நான் போனதில்லை, போகவும் மாட்டேன். சின்ன வயதில் கோடியக்கரையில் விடிகாலை உப்புநிலத்தில் அவை எகிறி எகிறி ஓடுவதைப் பார்த்தவன். போகிறவர்களைக் குறை சொல்லவில்லை.

அளவு பாத்து, பெருசா தேடிச் சுடுறது தப்புன்னு தோணலையா?

இதை அதிகம் கேட்பது என் மனைவி வழிச் சொந்தங்கள். நேர்மையாகச் சொல்கிறேன். எண்ணுக்காக மட்டும் சுடுகிறவர்களோடு நான் போவதில்லை. ஆனால் அளக்கக் கற்றுக்கொண்டதால் நான் சுடுவது குறைந்திருக்கிறது. அளக்கத் தெரியாதபோது முதலில் நின்றதைச் சுட்டேன். இப்போது நாற்பது கடாவைப் பார்த்து ஒன்றைத் தேர்கிறேன், சில வருடம் ஒன்றையும் தேர்வதில்லை.

1920-களின் கணக்கெடுப்பில் கண்டம் முழுக்கச் சுமார் 30,000 பிராங்ஹார்ன்தான் மிஞ்சியிருந்தன. இன்று பல லட்சம். வேட்டைக்குக் கட்டுப்பாடும், 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போனதும் அந்த மீட்சியில் பங்குள்ளவை. இந்தப் பதிலால் எல்லோருக்கும் சமாதானம் ஆகாது, தெரியும். உயிரை எடுக்கிறோம் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கனக்கிறது. கனக்காத வருடம் டேக் விண்ணப்பிக்க மாட்டேன்.

ரெண்டு கடா பக்கத்துல பக்கத்துல, ரெண்டும் ஒரே மாதிரி. எதை எடுப்பீங்க?

முதலில் கிளைக்கு மேலே, முக்கால் உயரத்தைப் பார்ப்பேன். அங்கே இரண்டில் எது தடிமனோ அது. அதுவும் சமம் என்றால் கிளை உயரமாகப் பிரிகிற கடா; காரணம் மேலே இருக்கிறது. அதிலும் சமம் என்றால் இனி கொம்பைப் பார்க்க வேண்டாம். எது தனியாக, பக்கவாட்டில், பின்னால் வேறு மான் இல்லாமல், மண்மேட்டைப் பின்னணியாக வைத்து நிற்கிறதோ அது. தோட்டா ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்கும் பெட்டையை அடித்தால், எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக வந்து என்ன பயன்? இரண்டும் ஒட்டியே நின்றால் நான் ஸ்கோப்பிலேயே கண்ணை வைத்துக் காத்திருப்பேன். ஒன்று தலையைக் குனிந்து மேயப் போகும், மற்றது நகரும்.